ஆள் இருக்கு

அன்புள்ள பிரேக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளைப் பார்த்தாயா என்றும் தெரியவில்லை. கடைசியில் உன் அண்ணனைப் பிடித்து விலாசம் வாங்கினேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒருமுறை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்!

துணிக்கடையில் கல்லாவில் உட்காருகிறாயாம். அங்கே போனதிலிருந்து எந்த வண்டியையும் தொடவில்லை, பக்கத்துத் தெருவுக்குக்கூட நடந்தே போகிறாய் என்றும் அவர் சொன்னார். நம் பயிற்சி வாத்தியார் கேட்டால் சிரிப்பார். கோழி குறுக்கே வருமோ என்று நினைத்தாலே பிரேக்கை மிதிப்பவள் என்றுதானே உனக்கு அந்தப் பெயரை வைத்தார். எதற்கெடுத்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதால் நான் வைப்பர். நம் மூன்றாமவளுக்கு ஏன் ஹாரன் என்று பெயர் வந்தது என்பதை எழுதத் தேவையில்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். எனக்குக் காலை டூட்டி என்பதால் அவள் அப்பாதான் தலை பின்னி அனுப்புகிறார். ஒரு சடை காதோரம், இன்னொன்று பிடரியில். ‘அப்பா பின்னினா வலிக்கல’ என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவருக்கும் தலைகால் புரியவில்லை.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். டிப்போவில் நமக்குக் கழிவறை கட்டிவிட்டார்கள். பழைய டயர்கள் கிடந்த மூலையைச் சுத்தம் செய்து கட்டினார்கள். வெளிர் பச்சை ஓடு பதித்த சுவர், உட்கார ஒரு பெஞ்சு, முகம் பார்க்கக் கண்ணாடி. கதவில் நல்ல கனமான தாழ்ப்பாள். வாசலில் ஒரு பலகை: ‘பெண்கள் ஓய்வறை. சமத்துவ நிதியில் கட்டப்பட்டது.’ நமக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே அரசாங்க நிதிதான்.

அன்றைக்கு நாம் போய்க் கேட்டபோது என்ன சொன்னார்கள் என்பது உனக்கு மறந்திருக்காது. பயிற்சிக்கு உண்டு, சீருடைக்கு உண்டு, விளம்பரத்துக்கு உண்டு, கட்டடத்துக்கு இதில் வழியில்லை என்றார்கள். திட்டத் தொடக்க விழாப் பந்தலுக்கு வழி இருந்தது. ஹாரன் மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, ‘சார், லைசென்ஸ் குடுத்தீங்க, பஸ்ஸக் குடுத்தீங்க, ஒரு கக்கூஸ் குடுக்கலியே’ என்று வொர்க்‌ஷாப் வரை கேட்கும்படி சொன்னாள். மேனேஜர் கோபப்படவில்லை. ‘நீங்கல்லாம் வருவீங்கன்னு தெரியாம கட்டின டிப்போம்மா இது’ என்றார். பாவம், அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அவள் உயிர் போன பிறகு வழி பிறந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கட்டடம் எழும்பிவிட்டது.

ஆனால் அதற்குள் யாரும் போவதில்லை, பிரேக்கு.

திறந்த அன்றே சில்லறை போனாள். உனக்கு அவளைத் தெரியும், என் வண்டிக் கண்டக்டர்தான், பயணிகளிடம் மீதி கொடுக்க எப்போதும் தேடிக்கொண்டே இருப்பாளே, அவள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்ததாம். தட்டியபோது ‘ஆள் இருக்கு’ என்று பதில் வந்ததாம். நம் பெண்கள் எல்லோரும் அப்போது வெளியேதான் இருந்தோம். யார் குரல் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவள் உதடு வெளுத்திருந்த விதமே சொல்லிவிட்டது. மேனேஜர் வந்து தோளால் இடித்துத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. குழாய் மட்டும் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. ‘புது மரம், ஈரத்துல உப்பிக்கிச்சு, அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினார். மூடிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாம் போய்வந்த, ரோட்டுக்கு எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவள் கத்திக்கொண்டே இருக்க வேண்டும், கூட வந்தவள் வெளியே காவல் நிற்க வேண்டும். ஹாரன் உள்ளே போனால் ‘ஆள் இருக்கு, ஆள் இருக்கு’ என்று பாட்டாகவே பாடுவாள். அந்தப் பாட்டை டிப்போவில் கேட்காதவர்கள் யார்? அதனால்தான் சில்லறை சொன்னதை எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? பச்சை ஓடு பதித்த அறை சும்மா கிடக்க, எல்லோரும் பழையபடி அதே சாலையைக் கடந்து அதே பெட்ரோல் பங்க்குக்குப் போகிறார்கள். போன வாரம் ஒரு வேன் சில்லறையின் முதுகை உரசிக்கொண்டு போனது. நான் டிப்போ வாசலில் நின்று பார்த்தேன்.

நானும் ஒருநாள் உள்ளே போனேன், நல்ல வெயில் நேரத்தில். தாழ் போட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனால் வெளியே யாரோ நிற்பது கேட்டது. செருப்பை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றித் தேய்க்கும் சத்தம், காத்திருப்பவர்கள் செய்வது போல. கதவைத் திறந்தேன். வெறும் வெயில். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நம் மூன்று பேர் முகத்தையும் போட்டு ஒரு பஸ்ஸின் முதுகில் ஒட்டினார்களே, ‘சமமாய்ச் செல்வோம்’ என்று, அதை இன்னும் கிழிக்கவில்லை. நெரிசலில் பல நாள் அந்த வண்டி என் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. நீயும் நானும் வெயிலில் வெளுத்துப் போய்விட்டோம். அவள் முகம் மட்டும் நேற்று ஒட்டியது போல இருக்கிறது. பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு சிவக்கும். அப்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

நிதி கொடுத்த அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அறை பயன்பட்டால்தான் மற்ற டிப்போக்களிலும் கட்டுவார்களாம். ‘பொம்பளைங்க கேட்டாங்க, கட்டினோம், இப்ப வேணாங்கறாங்க. டயரையே திரும்ப அடுக்கிடலாம்’ என்று மேனேஜர் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நீ இருக்கிறாய் என்பதற்கு ஒரு வரி எழுது, போதும்.

இப்படிக்கு,
உன் வைப்பர்

*

அன்புள்ள பிரேக்கு,

உன் பதில் கிடைத்தது. தாள் முழுக்க வெறுமை, நடுவில் ஒரே வரி: ‘அன்னைக்கு என்னோட முறை.’

உன் முறைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காவலுக்கு நீ வர வேண்டும் என்று அவள் வாசலில் நின்றாள். உன் வண்டி பாலத்தில் மாட்டிக்கொண்டது. பொறுக்காமல் அவள் தனியாக ரோட்டைக் கடந்தாள். வாசலுக்கு வந்து வண்டியைத் திருப்பும்போது அந்த உயரமான சீட்டிலிருந்து நீதான் பார்த்தாய். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நீ எதைச் சுமந்துகொண்டு ஊரை விட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியும். இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன், கேள்.

ஆய்வுக்கு முந்தின நாள் அவள் மாமியார் டிப்போவுக்கு வந்தார். அவரைப் பற்றி ஹாரன் என்னென்ன சொல்வாள்! ‘பஸ் ஓட்டப் போற மருமக எங்க வம்சத்துலயே கெடையாது’ என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர். அந்த அம்மா கையில் ஒரு பையோடு வந்து நின்றார். பைக்குள் அவளுடைய நீலச் சட்டை, துவைத்துத் தேய்த்து மடித்தது.

யாரும் திருப்பிக் கேட்கவில்லையே அம்மா என்றேன். ‘கேக்கல. ஆனா வீட்டுல வெச்சுக்க முடியலம்மா. கொக்கில மாட்டியிருந்தேன். ஃபேன் போட்டா கை ரெண்டும் ஸ்டியரிங் புடிக்கிற மாதிரியே ஆடுது. எம் பையன் பாத்துட்டு சாப்பிடாம எழுந்து போயிடறான். வேற எந்தப் பொண்ணுக்காவது ஆகும்’ என்றார். வாங்கிக்கொண்டேன். என் பெட்டியில்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், ‘ரெண்டு பஸ் மாறி வந்தேன். ஒதுங்க எடம் இருக்கா?’ என்று கேட்டார்.

சில்லறை என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டிப் போங்கள் என்று அவரிடம், அதுவும் அவரிடம், எப்படிச் சொல்வது? புது அறையில் உங்கள் மருமகள் இருக்கிறாள் என்றுதான் எப்படிச் சொல்வது? நாங்கள் திணறுவதற்குள் அவரே பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். ‘பெண்கள்னு போட்டிருக்கே’ என்று சொல்லிக்கொண்டே நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ் விழும் சத்தம் கேட்டது.

வெகுநேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அழுகிறாரா என்று தெரியவில்லை. தாங்க முடியாமல் சில்லறை போய் லேசாகத் தட்டினாள்.

‘ஆள் இருக்கு’ என்று பதில் வந்தது.

கரகரத்த, வயதான குரல். எரிச்சலோடு வந்த குரல். சில்லறை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். என் பெயரை அன்று அவளுக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

முகம் கழுவி ஈரத்தோடு அவர் வெளியே வந்தபோது மேனேஜர் எதிரே வந்துவிட்டார். யார் என்று தெரிந்ததும் கும்பிட்டார். அந்த அம்மா அவரைத் திட்டவில்லை, சாபம் கொடுக்கவில்லை. கதவைக் காட்டி, ‘நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. தண்ணியும் நல்லா வருது. இத மொதல்லயே கட்டியிருக்கக் கூடாதா, சார்?’ என்று மட்டும் கேட்டார். உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துக் கேட்பது போல நின்றார். மேனேஜர் எதையோ தேடுவது போலச் சட்டைப்பையைத் தடவினார்.

அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது உன்னைக் கேட்டார். ‘காவலுக்கு நிக்கிற பொண்ணு எங்க?’ என்று. நீ ஊரை விட்டுப் போய்விட்டாய் என்றேன். ‘பஸ் லேட்டானா அவ என்ன பண்ணுவா? எம் மருமகளுக்குப் பொறுமை கெடையாது, அடுப்புல வெச்சது கொதிக்கிறதுக்குள்ள மூடியத் தொறப்பா. எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு, நான் கோவமா இல்ல. அவமேல கோவப்பட ஒண்ணுமில்ல’ என்றார். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஆய்வுக்கு வந்த மேடம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். வெகுதூரம் காரில் வந்தவர் போலிருக்கிறது, தானும் அந்த அறைக்குப் போக வேண்டும் என்றார். கதவு சாத்தியிருந்தது. ‘ஆள் இருக்கு மேடம்’ என்றேன். உள்ளே சில்லறை. அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் காத்திருந்தார்கள். அதிகாரி மேடமும் வரிசையில் நின்றார்! மேனேஜர் தவித்த தவிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். மற்ற டிப்போக்களிலும் கட்ட உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் பெண்களை வேலைக்கு எடுக்கும் முன்பே அறை கட்ட வேண்டும் என்று நிதி விதியிலேயே சேர்க்கப் போகிறார்களாம். நல்ல செய்திதான். அன்று மாலை வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். கதவு திறந்தே கிடந்தாலும் நாங்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். வெளியே அந்தச் செருப்புச் சத்தம் இன்னமும் சில நாட்களில் எனக்குக் கேட்கிறது. முன்பு உடம்பு சிலிர்க்கும். இப்போது, காவலுக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிதானமாக முகம் கழுவிவிட்டு வருகிறேன்.

வேறொரு மாற்றமும் நடந்திருக்கிறது, நானே தாமதமாகத்தான் கவனித்தேன். நம் பெண்கள் குடிக்கும் தண்ணீர்க் கேன் முன்பெல்லாம் காலையில் வைத்தபடியே மாலையிலும் இருக்கும். ரோட்டைக் கடக்க வேண்டுமே என்று வெயில் காலத்திலும் உதட்டை நனைத்துக்கொண்டு வண்டி எடுப்போம். இப்போது மதியத்துக்குள் கேன் காலி. மேனேஜர் இன்னொரு கேன் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

வண்டி ஓட்ட வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன். நீயாக ஒருநாள் வந்தால் வாசலில் நிற்பேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கடையில் உங்களுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்ட அறை இருக்கிறதா? இல்லையென்றால் சத்தம் போட்டுக் கேள். ஹாரன் மாதிரி கேள். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள், வாய் உலரவிடாதே.

தண்ணீர் குடி, தங்கமே. நிறையக் குடி.

என்றும் உன்,
வைப்பர்