படகில் நீ போட்ட விளக்கு

ஜெயக்கொடி,

ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசில்லை. சுண்டவைத்த குழம்பு அடுப்பில் இருக்கிறது.

தெப்பக்குளத்து உல்லாசப் படகில் நான் தரையோடு இழுத்த ஒயரெல்லாம் தண்ணீர் பட்டு வீணானது. நீ அதை உருவிவிட்டுக் கூரைக்கு அடியில் இழுத்தாய். நேற்று சாயங்காலம் பிள்ளைகள் குதித்த குதியில் படகே ஆடியது; ஒரு பல்புகூடச் சிமிட்டவில்லை. "யாரு வேலைண்ணே இது?" என்று படித்துறையில் ஒருவர் கேட்டார். "என் வீட்டுக்காரி" என்றேன்.

ராத்திரி, "மத்த படகுக்கும் நானே ஒயர் போடவா?" என்று கேட்டாய். நான் பேசாமல் படுத்ததைக் கோபமென்று நினைத்துவிட்டாய். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

போடு. என் டெஸ்டரை மாடத்தில் வைத்திருக்கிறேன்.

சிவனாண்டி

பி.கு: படகுக் குத்தகைக்காரர் முத்திருளன் அண்ணன் மத்த படகு வேலையைப் பேசக் காலையில் வருவார். "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்"னு மட்டும் சொல்லிடாத.