நாம் சொன்ன இரண்டு ‘இல்லை’

இன்று காலை நான் வேலை பார்க்கும் வார்டில் ஒரு பெண் தண்ணீர் குடிக்கும்போது எவர்சில்வர் டம்ளர் அவள் பல்லில் பட்டுக் கிணுகிணுத்தது. அவ்வளவுதான், நீ நினைவுக்கு வந்துவிட்டாய். பல வருஷங்களுக்கு முன் பக்கத்துக் கட்டிலில் நீ தண்ணீர் குடித்தபோதும் இதே சத்தம். நான் சிரித்துவிட்டேன். “இன்னா சிரிப்பு? மொதல்ல உன் கைய பாரு” என்றாய். பார்த்தேன். என் கையும் ஆடிக்கொண்டிருந்தது.

வேப்பம்பட்டில் பயிர் வைக்கும் குடும்பத்து மருமகள் நீ. புருஷன் வேலைக்காகத் திருநின்றவூரில் வாடகைக்கு வந்த திருநெல்வேலிக்காரி நான். இருவருக்கும் ஏழாம் மாதம். வலி முந்திக்கொண்டு வந்துவிட்டதென்று ஒரே நாளில் சேர்த்திருந்தார்கள். பிரசவத்தை இரண்டு நாளாவது தள்ளிப்போட ஒரு மருந்து, அதற்குள் குழந்தையின் நுரையீரல் தேற ஓர் ஊசி. மருந்து ஏற ஏற நெஞ்சு தடதடவென்று அடித்தது, கை ஆடியது. உன் மாமியார் வந்து, ஒரு பிள்ளையைச் சுமக்கக்கூடத் துப்பில்லை என்று வார்டே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை; எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். அந்த மருந்தைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறதாம். படபடப்பு, நடுக்கம், மூச்சுத்திணறல் உண்டா என்று ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். நம்மிடம் வருமுன் நீ கிசுகிசுத்தாய்: “வாயத் தொறந்துடாத. சொன்னா மருந்த நிறுத்திடுவாங்கோ. புள்ள வந்துடும்.” பிறகு இரு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு, “ஒண்ணியும் இல்லமா, நல்லா கீறேன்” என்றாய். நானும் அப்படியே சொன்னேன். உன்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. நீ சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் போனதும், ஏமாற்றிவிட்டோம் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

உன் பையனும் என் பெண்ணும் பிழைத்துக்கொண்டார்கள். போன வருஷம் ஏதோ ஒரு காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். அதற்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இப்போது எனக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. நமக்கு ஏற்றிய அதே மருந்தை ஏற்றுமுன் அதன் நல்லது கெட்டதைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிகளில் தெரியவந்ததைச் சுருக்கி எழுதிய ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி, பக்க விளைவுகள் சிலருக்குத்தான் வந்தன என்பது. கிளிப்பிள்ளை மாதிரி தினமும் அதை வாசித்து வந்தேன். நம் பதில்கள் இதில்தான் சேர்ந்தனவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட பதில்களைக் கூட்டித்தானே அந்த வரியை எழுதியிருப்பார்கள்.

இன்றைய பெண் அம்பத்தூரில் ஃபிளாட்டில் இருப்பவள், ஐ.டி. வேலை. அவளுக்கும் நம்மைப் போல வலி முந்திக்கொண்டு வந்திருந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். படபடப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் நகராமல் நின்றதைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: “சிலருக்குத்தான் இப்படி ஆகும்னு நீங்கதானே வாசிச்சீங்க? அப்ப என் உடம்புலதான் ஏதோ கோளாறா அக்கா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நம் பொய்யை இவள் தன் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் இருந்தது, என் பக்கத்துக் கட்டில்காரிக்கும் இருந்தது, இருவரும் மறைத்தோம் என்று சொன்னேன். அவள் கை வெளியே வந்தது. டாக்டரை அழைத்தேன். அவர் நாடியைப் பார்த்தார், கோபப்படவில்லை. மருந்தை மாற்றி எழுதினார். மாலைக்குள் அவள் கை ஆடுவது நின்றது, வலியும் அடங்கியே இருந்தது.

நிறுத்தவில்லையடி, மாற்றினார்கள். சொல்லியிருந்தால் நமக்கும் ஏதாவது வழி பார்த்திருப்பார்கள்.

நாளை முதல் அந்த வரியை அப்படியே வாசிக்க எனக்கு வாய் வராது. கூட நம் கதையையும் சொல்லிவிடுவேன். ஆனால் இத்தனை நாளும் நான் வாசித்ததை நம்பி, தன் உடம்பைத் தானே திட்டிக்கொண்டு, கையை ஒளித்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் உண்டே. அவர்கள் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.