சிரிக்கிற பிள்ளை மார்க்கு

இன்று காலை பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வர்ணக் காகிதம் ஒட்ட மரவள்ளி மாவில் பசை காய்ச்சினார்கள். அந்தப் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்ததும், கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் கொட்டகையில் கரப்பான் அரிக்காமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்போம். உன் விரல்நுனி எப்போதும் நீலம் பாரித்திருக்கும். "என் கையால தின்னா விஷம் ஏறிடும், நீங்களே ஊட்டி விடுங்கக்கா" என்று வாயைத் திறந்து காட்டுவாய். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத இன்றுதான் தைரியம் வந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்தது, பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு ஓமநீர் காய்ச்சி விற்கும் முதலாளியின் கொட்டகை. நீ போத்தலில் லேபிள் ஒட்டுவாய், நான் தக்கை அடைப்பேன். மிஷன் பள்ளியில் நாலெழுத்துப் படித்தவள் என்பதால் எழுத்து வேலையும் என் தலையில்தான். தோட்டத்துச் சனங்கள் மருந்தைப் பேர் சொல்லி வாங்க மாட்டார்கள், படத்தைச் சொல்லித்தான் வாங்குவார்கள். கப்பல் போட்டது, சேவல் போட்டது என்று கேட்டால்தான் கடைக்காரனுக்கும் விளங்கும். முதலாளிக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. மூலையில் தூளியில் கிடந்த உன் ராசுவைப் பார்த்தார். அவன் இரண்டு பல் தெரியச் சிரித்தான். விஷயம் முடிந்தது.

சீனர் படக்கடைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே போகுமுன் வாசலில் நின்று, மைச்சிமிழைத் திறந்து, அவன் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாய். "ஊரே பாக்கப் போவுதுல்லக்கா, கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

படம் சிங்கப்பூருக்குப் போய், லேபிளாகக் கட்டுக் கட்டாக வந்தது. கட்டைப் பிரித்த நீ முகம் வெளுத்துப் போனாய். ராசு அதே சிரிப்போடு இருந்தான், கன்னத்தில் பொட்டு இல்லை. அச்சுக்காரன் அதைக் கறை என்று நினைத்திருக்கிறான். கேட்காமலே துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறான். முதலாளிக்கு அதில் ஏக சந்தோஷம். "பொட்டு இல்லாம எப்படி முதலாளி வெளிய அனுப்புறது?" என்று நீ கேட்டாய். "இவ்வளவும் அடிச்சாச்சும்மா. ஒரு புள்ளிக்காகத் தூக்கிப் போடச் சொல்றியா? விடுலா" என்றார்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன், எங்கள் சபையில் கண்ணேறு என்று ஒன்றும் கிடையாது, கடவுளை நம்பு என்று. நீ லேபிளில் பசையைத் தடவிக்கொண்டே, "உங்க கடவுள் ஒருத்தரு. பாக்குற கண்ணு எத்தனை, சொல்லுங்க?" என்றாய். உன்னோடு வாதாடி நான் என்றைக்கு ஜெயித்தேன்?

சிரிக்கிற பிள்ளை மார்க்கு கிள்ளானிலும் காப்பாரிலும் செலாயாங்கிலும் ஓடியது. அடுத்த மழைக்காலத்தில் ராசுவுக்குத் தொண்டை அடைத்துக் காய்ச்சல் கண்டது. பிழைக்கவில்லை. முதலாளி கெட்டவர் அல்ல. பிள்ளையைத் தானே சுமந்துகொண்டு சுடுகாடு வரை நடந்தார், வாய்விட்டு அழுதார். நீ மட்டும் அழவில்லை. "பொட்டில்லாம அவனை ஊரூரா அனுப்பிட்டேன்க்கா" என்று என்னிடம் சொன்னாய். 

திரும்பி வேலைக்கு வந்த அன்றே முதலாளியிடம் நீ கேட்டது ஒன்றுதான். அடுத்த தடவை அச்சடிக்கும்போது பொட்டைச் சேர்த்துவிட வேண்டும். அவர் கண் கலங்கிற்று, ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார். "மார்க்கை மாத்துனா சனங்க போலின்னு ஒதுக்கிடுவாங்கம்மா. உன் புள்ளை பேர்லதான இத்தனை பேர் சாப்பிடுறோம்?"

அப்புறம் நீ யாரையும் கேட்கவில்லை. ஒட்டி முடித்த போத்தலை மடியில் சாய்த்து, சுண்டுவிரல் மையால் கன்னத்தில் தொட்டு, பிறகுதான் என் பக்கம் நகர்த்தினாய். நான் பார்த்துக்கொண்டே தக்கை அடைத்தேன். கிள்ளான் கடைக்காரர் பெட்டிகளைத் திருப்பிக்கொண்டு வந்து, "என்ன முதலாளி, போலிச் சரக்கை நம்ம தலையில கட்டுறீங்க?" என்று கத்தியபோது, முதலாளி உன் விரலைப் பார்த்தார். மறுநாளிலிருந்து உனக்கு வேலை இல்லை. எனக்கு இருந்தது. குடிகாரப் புருஷனை வைத்துக்கொண்டு நானும் எங்கே போவேன்?

கதை அதோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். கிள்ளான் பாசார் பக்கம் எவனோ நம் ஓமநீரைப் போலி செய்து விற்க ஆரம்பித்தான். அவன் கையில் மாதிரிக்கு அகப்பட்டது நீ தொட்ட போத்தல் போலிருக்கிறது. பொட்டையும் மார்க்கில் ஒரு பகுதி என்று நினைத்து, அதையும் சேர்த்து அச்சடித்துவிட்டான். முதலாளி துண்டு நோட்டீசு போட்டார். வாசகம் நான் எழுதியதுதான்: "கன்னத்தில் கறுப்புப் புள்ளி உள்ளது போலி. தாய்மார்களே, ஏமாறாதீர்கள்."

நீ ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் அந்தப் போலியை வாங்கி, முந்தானையில் மறைத்து என் வீட்டுக்கு வந்தாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் உன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "பாருங்கக்கா, யாரோ திருட்டுப்பய. பொட்டோட அடிச்சிருக்கான். இவன்தான் என் புள்ள."

"உள்ளே வெறும் சீனித் தண்ணிடி."

"தண்ணியை யாரு கேட்டா?" என்று சாக்கடையில் கொட்டிவிட்டு, போத்தலை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு போனாய். நெஞ்சுச்சளி முற்றி நீ போன அன்று அது உன் தலைமாட்டில் இருந்தது.

போலி இன்னும் ஒழியவில்லை. போன வாரம் காப்பார் தோட்டத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் வீறிடும் பிள்ளையோடு கொட்டகைக்கு வந்தாள். கையில் அந்தப் போத்தல். "குடுத்துக்கிட்டே இருக்கேன்க்கா, வலி நிக்கல. இது அசலா, போலியா, பாத்துச் சொல்லுங்க" என்றாள். போலி என்று சொல்லி, நல்லதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். பொட்டைக் காட்டினேன். அவள் நம்ப மறுத்தாள்.

"அதைப் பாத்துதான்க்கா இதை எடுத்தேன். பொட்டு வெச்சிருக்கே, பெத்தவ பக்கத்துல இருந்து பாத்துப் பண்ணினதா இருக்கும்னு நெனச்சேன்."

ஆமாம், பெற்றவள் வைத்ததுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவள் திரும்பவும் அதையே வாங்குவாள், அந்தப் பிள்ளை சீனித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அழும்.

"இல்லம்மா. அது திருடன் வெச்சது" என்றேன்.

அன்றிலிருந்து அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிகிறேன். ஜெபத்தில் சொன்னால் இறங்கவில்லை. உன் காலடியில்தான் அதை இறக்கி வைக்க வேண்டும், நீ இல்லை.