ஓர்த்தாவில் குடித்த காபி

லொரேதானா,

ஓர்த்தா ஏரியைப் பார்த்ததே இல்லை என்றாய். அதனால்தான் நம் இருபதாவது திருமண நாளுக்கு இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு உன்னை அங்கே அழைத்துப் போனேன்.

ஏரிக்கரைக் காபிக்கடையில் உட்கார்ந்ததும் கடைக்காரன், "வாங்க மேடம், வழக்கமானதுதானே?" என்று பாலில்லாக் காபியை உன் முன்னால் வைத்தான். "வீட்டுக்காரர் வரலையா? இவரு அண்ணனா?" என்று வேறு கேட்டான்.

"வேற யாரோன்னு நெனச்சிட்டான்" என்று சிரித்தாய். ஆனால் கடைசிச் சொட்டுவரை குடித்தாய்.

நானும் கடைக்காரன்தான், பாலாடைக்கட்டி விற்றுப் பிழைப்பவன். ஒருமுறை வந்துபோனவரின் ருசி எந்தக் கடைக்காரனுக்கும் நினைவில் நிற்காது.

இருபது வருஷம் தினமும் பால் ஊற்றிக் கொடுத்தேனே, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பால் காய்ச்சும் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடை மாடிக்குக் குடிபோகிறேன். உனக்கு அது தேவைப்படாது.

இப்படிக்கு,
உனக்குக் காலையில் காபி போட்டவன்