வேறு மாற்றம் உண்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் தம்பியும் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

தம்பி ஆஸ்பத்திரிச் சலவையறையில் துண்டு மடிக்கப் போவதை உதவித்தொகை அலுவலகத்தில் சொல்லாதே, அவனுடைய மாற்றுத்திறனாளித் தொகையை நிறுத்திவிடுவார்கள் என்றாய். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் மறைக்க மனம் வராமல் நேற்று அவனை அங்கே அழைத்துப் போனேன்.

"நீ பேசாத, சிரிக்காத. சிரிச்சா நல்லாயிருக்கான்னு எழுதிடுவாங்க" என்று வாசலில் பயந்துபோய் அவனிடம் நீ சொல்லிக்கொடுத்த பாடத்தையே ஒப்பித்தேன். அவனோ வேலைச் சட்டையோடு வந்திருந்தான். உட்கார்ந்ததும், "நான் வேலைக்குப் போறேன், எழுதிக்கோங்க" என்று சிரித்தான்.

அதிகாரி அம்மாள், "நாலு மணி நேர வேலைக்கெல்லாம் தொகை நிக்காது. சொல்லாம விட்டிருந்தாத்தான் சிக்கல்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேற மாற்றம் ஏதாவது உண்டா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் "இல்லை" என்பதற்குள் தம்பி, "அக்கா இப்பல்லாம் மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுறா" என்றான். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவனுக்குப் பை வைத்த சட்டை இரண்டு அனுப்பு. அவன் வேலை முடிந்து பேருந்தில் வரும் நேரம், முடிக்கிறேன். எனக்கு வேலை சாயங்காலம்தான். முடிந்தால் மத்தியானம் ஒரு மணிக்குப் போன் செய். நீ எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் மகள்