வெறும் வயிற்றில் ஒரு காபி

ஜூலை 8, செவ்வாய்
டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. எடை மெஷினைப் பார்த்தார். எழுபத்தெட்டு. பீரியட்ஸ் வந்து நான்கு மாதம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "முதல்ல வெயிட்டைக் குறைங்க, எல்லாம் தானா சரியாயிடும்." சீட்டில் பிசிஓஎஸ், சினைப்பை நீர்க்கட்டி. வெறும் வயிற்றில் சர்க்கரையும் இன்சுலினும் பார்க்க வேண்டுமாம். வெளியே மழை. டாலிகஞ்ச் ஆட்டோவில் பக்கத்து ஆள், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். தள்ள இடமில்லை.

ஜூலை 11, வெள்ளி
ஏழரைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. ஏதாவது சாப்பிட்டாயா என்று லேபில் கேட்டார்கள். இல்லை என்றேன். மனதார.
ஆபீஸ் போகிற மெட்ரோவில்தான் உறைத்தது. ஆறு மணிக்கு அம்மா கொடுத்த காபி. பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை.
சாயங்காலம் கத்தினேன். "வெறும் வயித்துலன்னு சொன்னேனேம்மா!"
"வெறும் வயிறுதானேடி? இட்லியா குடுத்தேன்? வெள்ளிக்கிழமை விரதத்துக்கே காபி குடிக்கறேன். சாமியே ஒண்ணும் சொல்லலை."
எனக்கும் தோன்றவில்லையே. குடித்தது நான்.

ஜூலை 12, சனி
லேக் மார்க்கெட்: பெருங்காயம், அப்பளம். குடைக்கம்பி மாற்ற வேண்டும்.
ரிப்போர்ட். சர்க்கரை விளிம்பில். இன்சுலின் ரொம்ப அதிகம். நானா, காபியா?
"காபிதான். உனக்கு ஒண்ணுமில்லடி." அம்மா முகத்தில் அவ்வளவு நிம்மதி.
படிக்கட்டில் கீழ்வீட்டு வங்காளி மாமி, காக்கிமா என்று கூப்பிடுவோம்: "குண்டாயிட்டே போறியே, சோத்தை விடு." அவர் மகள் ஒல்லிக்குச்சி. அவளுக்கும் பிசிஓஎஸ். அவளை எதை விடச் சொல்வார்?

ஜூலை 15, செவ்வாய்
மறுபடி ரத்தம். தண்ணீர் மட்டும். நான் கிளம்பும்வரை அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஜூலை 16, புதன்
சர்க்கரை சரி. இன்சுலின் இன்னும் அதிகம். அப்படியானால் நான்தான். அழுகை வரவில்லை. கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு பதில் இருப்பதுபோல.

ஜூலை 18, வெள்ளி
டாக்டர்: "உங்க உடம்பு இன்சுலின் சொல்றதைக் கேக்கலை. அதனால நிறைய சுரக்குது. அது கொழுப்பைச் சேத்து வைக்குது. அதான் இந்த வெயிட்."
பத்து நாள் முன்பு எடையால்தான் எல்லாம் என்றார்.
மாத்திரை எழுதினார். காலை, இரவு. "வெயிட் குறைஞ்சா இன்சுலின் குறையும்."
"இன்சுலின் குறையாம வெயிட் எப்படி சார் குறையும்?"
"நடங்க. சோறு பாதி." மணியடித்தார். அடுத்த பெண் கதவைத் திறந்துவிட்டாள்.
நான் எழுந்திருக்கவில்லை. "எது முதல்ல? அதைச் சொல்லுங்க, போறேன்."
டாக்டர் என்னைத் தாண்டி, உள்ளே வந்தவளிடம் வயசு கேட்டார்.