நாரிநோவும் உங்கடை வீம்பும்

என்ரை அன்பான இஞ்சாருங்கோ,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகேல்லை. அதாலை செத்த பிறகும் உங்களுக்கு இதுதான் பேர். அன்பெண்டு எழுதினாலும் கோபத்திலைதான் எழுதிறன்.

எனக்கும் நாரி பிடிச்சிட்டுது. வெங்காயம் நட்டுப்போட்டு இடுப்பு நிமிர ஏலாமல் வரம்பிலையே இருந்திட்டன். டொக்டர் என்னையும் பிசியோதெரபிக்குத்தான் அனுப்பினார். நீங்கள் ஒருநாள் மட்டும் போய், "நாள் முழுக்கத் தோட்டத்திலை குனிஞ்சு நிமிருற எனக்கு ஒரு பெட்டை எக்சசைஸ் காட்டுறாள்" எண்டு சிரிச்சுக்கொண்டு வந்தீங்களே, அதே இடம்.

அந்தப் பிள்ளை என்ன செய்விச்சவள் தெரியுமோ? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கச் சொன்னாள். பாரம் தூக்கேக்கை நாரியை வளைக்காமல் குந்தி எழும்பப் பழக்கினாள். உங்கடை கேள்வியை நானும் கேட்டன். "தோட்டத்திலை குனியக் குனிய நாரி களைக்கும் அம்மா. இது நாரியைத் தாங்கிற தசைக்குப் பலம் குடுக்கும்" எண்டாள். முதல் கிழமை எனக்கும் விசர்தான் வந்தது. இப்ப தண்ணி வாளி தூக்கிறன். நோ முழுக்க மாறேல்லை, ஆனால் நித்திரை கொள்ளுறன்.

இவ்வளவுதானோ எண்டு நினைக்கப் பத்திக்கொண்டு வருது. பொம்பிளைப்பிள்ளைக்கு முன்னாலை இடுப்பைத் தூக்க உங்களுக்கு வெக்கம். நாரியிலை துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாமசியிலை நோக்குளிசை வாங்கி வருசக்கணக்காக் கச்சான் கடலை மாதிரித் தின்ன வெக்கமில்லை. உந்தக் குளிசையாலை கிட்னி பழுதாப் போச்செண்டு டொக்டர் சொல்லேக்கையும், "ஓம் ஓம், எல்லாம் சரிவரும்" எண்டீங்கள். என்ன சரிவந்தது? நான் தாலியைக் கழட்டினதோ?

உங்கடை மகன்தான் இப்ப தோட்டத்துக்கு மருந்தடிக்கிற டாங்கியை முதுகிலை காவுறான். நேற்று உடுப்புத் தோய்க்க எடுத்தால், காற்சட்டைப் பொக்கற்றுக்கை அதே குளிசை.

கேட்டதுக்கு, "அப்பாவும் போட்டவர்தானே" எண்டான்.

"போட்டவர்தான். எங்கை உன்ரை அப்பா? கூப்பிடு பாப்பம்" எண்டன்.

செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி கிளினிக். நான்தான் கூட்டிக்கொண்டு போறன். அவனைக் கட்டிலிலை படுக்கவைச்சிட்டு, எக்சசைஸ் முடியுமட்டும் வாசலிலை நிப்பன். வெக்கமெண்டால் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் அங்கை தனியத்தான் இருக்கவேணும். இவனை உங்களட்டை அனுப்பமாட்டன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கடை மனுசி